பழுப்புக் குப்பி விலாசினி

"கொஞ்சம் பொறுங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு விலாசினி சேச்சி குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். இடது கையில் குப்பி, வலது கையில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். காந்தத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, உதடு அசையாமல் அறுபது வரை எண்ணுவார். அந்த ஒரு நிமிடத்துக்கு யார் வந்தாலும், ஆய்வுக்கூடத்தின் டைரக்டரே வந்தாலும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காந்தத்தை எடுக்கும்போது கண்ணாடியில் கறை ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டவில்லை என்றால், "ம், ஜாதகம் சரியா இருக்கு. இப்ப சொல்லுங்க, என்ன விஷயம்?" என்பார்.

குப்பியில் இருப்பது பார்வைக்கு ஆறிப்போன, பால் விடாத கட்டன் சாயாதான். உள்ளே மிதப்பவை இரும்புத் துகள்கள். தலைமுடியின் தடிமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதவை. ஒவ்வொரு துகளுக்கும் சர்க்கரையில் ஒரு சட்டை போட்டிருக்கிறது. புற்று சுரக்கும் ஒரு நொதி பட்டால் அந்தச் சட்டை கிழியும். சட்டை கிழிந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாக விழும். சாதாரண ஸ்கேனின் கண்ணுக்கு நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்த பிறகு தெரிவது, இதற்குக் கடுகளவிலேயே தெரியும். எங்கள் விஞ்ஞானிகள் இதை உயிரி உணரி என்கிறார்கள், நானோ மருத்துவம் என்கிறார்கள். மருத்துவம் என்ற சொல் சேச்சிக்குப் பிடிக்காது.

"இது மருந்தில்ல அண்ணாச்சி. யாரையும் சுகப்படுத்தாது. உள்ள ஒளிஞ்சிருக்கிறவனைப் போட்டுக் குடுக்கும், அவ்வளவுதான்."

அண்ணாச்சி என்பது நான். நாகர்கோவிலில் பிறந்து, இருபத்திரண்டு வருடமாகத் திருவனந்தபுரத்தில் ஸ்கேன் இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிறவன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எலி ஸ்கேனரும், மதிலுக்கு அந்தப் பக்கத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருக்கும் மனித ஸ்கேனரும் என் பொறுப்பு. இந்த ஊரில் தமிழன் எத்தனை பட்டம் வாங்கினாலும் பலசரக்குக் கடை அண்ணாச்சிதான். முதல் இரண்டு வருடம் கோபம் வந்தது. இப்போது வேறு பெயரில் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுகிறேன்.

சேச்சி இங்கே வந்தது கண்ணாடிப் பாத்திரம் கழுவ, தினக்கூலிக்கு. இன்றும் தன் பாத்திரங்களைத் தானே கழுவுவார், ஐந்து முறை. குழாய்த் தண்ணீரின் உப்பு ஒரு சொட்டு தங்கினாலும் துகள்கள் கட்டிப்போகும். கழுவிக் கழுவியே, அடுத்த மேஜையில் நடப்பதைப் பார்த்துப் பார்த்தே, வேலையைக் கற்றுக்கொண்டார். இரண்டு வகை இரும்பு உப்பைக் கரைத்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடும்போது ஆரஞ்சு நிறம் சட்டென்று கறுக்கும். அந்த நேரத்தில் சேச்சி துகள்களோடு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். "தனித்தனியா நில்லுங்கடீ. ரேஷன் கடை வரிசையா இது, முட்டி மோதறதுக்கு?"

இந்தத் துகளை வைத்து ஏழு பேர் டாக்டர் பட்டம் வாங்கிக் கடல் கடந்து போய்விட்டார்கள். போன இடத்திலிருந்து ஆறு மாதத்துக்கொருமுறை யாராவது கடிதம் போடுவார்கள்: எல்லாம் அதே மாதிரிதான் செய்கிறேன், கட்டிப்போகிறதே, ஏன்? சேச்சியின் பதில் எப்போதும் ஒரே வரிதான். "பாத்திரத்தை யாரு கழுவினது?"

எதைப் பார்த்தாலும் அடியில் தங்குமா, தங்காதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கேன்டீன் சாம்பாரைக் கரண்டியால் கலக்கி விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். புதிதாகச் சேர்ந்த ஒரு விஞ்ஞானி கூட்டத்தில் முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு இறங்கியபோது என் காதோரம் சொன்னார்: "நல்லாத்தான் மிதக்கறாரு. ஒரு வாரம் அசையாம வச்சுப் பாக்கணும்."

அவர் கணவர் திவாகரன், அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சேச்சிக்கு மதியச் சோறு கொண்டு வருகிற சாக்கில் வாசல் காவலாளியோடு அரை மணி நேரம் அரட்டை அடிப்பார். என்னைக் கண்டால் விடமாட்டார்.

"அண்ணாச்சி, நீங்களே நியாயம் சொல்லுங்க. எலிக்கு முதுகு வலின்னா எம்.ஆர்.ஐ. எனக்கு முதுகு வலின்னா வைத்தியர் கடைத் தைலத்தை எடுத்துத் தேய்ச்சுட்டுப் படுன்னு சொல்றா."

"எலி சொன்ன பேச்சு கேக்கும்" என்பார் சேச்சி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபடியே.

பத்தொன்பது வருடம் எலிகளுக்கு மட்டுமே பார்த்துக் கொடுத்த பிறகு, போன வருடம் ஜூன் மாதத்தில் அனுமதி வந்தது. முதல் முறையாக மனிதர்களுக்கு. பத்துப் பேர். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் கணையப் புற்று நோயாளிகளுக்கு ஒரே ஒரு தடவை ஊசி வழியாகத் துகளைச் செலுத்திப் படம் எடுக்க வேண்டும். கட்டி ஒன்றே ஒன்றுதானா, இல்லை வயிறு முழுக்க விதைத்துவிட்டதா என்று கத்தி வைப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். விதைத்துவிட்டது என்றால் வெட்டிப் பிரயோசனம் இல்லை. ஓணத்துக்கு முன்னால் சேச்சி பன்னிரண்டு குப்பி செய்து முடித்தார். அத்தனை குப்பிக்கும் அறுபது எண்ணினார். அத்தனையும் தேறின.

இதற்கு நடுவில், ஜூலைக் கடைசியில், திவாகரன் சேட்டனின் கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். இரண்டு வாரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கணையத்தில் கட்டி. சேச்சி யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை. விதிகளுக்குப் பொருந்தியதால் அறுவை நிபுணரே பெயரை எழுதினார். பட்டியலில் மூன்றாவது.

"பெரிய அதிர்ஷ்டம்தான் அண்ணாச்சி" என்றார் திவாகரன், கட்டிலில் உட்கார்ந்தபடி. "டிப்போவுல ஏறும்போதே மூணாம் நம்பர் சீட். அதுவும் பொண்டாட்டி ஓட்டற வண்டி."

பத்து நோயாளிகளுக்கும் ஓணம் விடுமுறை முடிந்த மறு வாரத்திலிருந்து நாள் குறித்திருந்தார்கள். ஒரு வாரம் ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கும். பூட்டுவதற்கு முன்னால் சேச்சி குப்பிகளைத் தகடு போலிருக்கும் வெள்ளித் தாளில் சுற்றி, ஒரு பெட்டியில் படுக்க வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தார். அந்த ஃப்ரிட்ஜின் கதவில் சிவப்பு மையில் 'உறையக் கூடாது' என்று எழுதி ஒட்டியதே அவர்தான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது துகள்களை நெருக்கித் தள்ளும், சர்க்கரைச் சட்டைகள் நசுங்கும், பிறகு உருக்கினாலும் அவை பிரியாது. இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பாடமாக நடத்துகிறவரும் அவரே.

வழக்கமாகக் குப்பிகள் நடுத்தட்டில், கதவுப் பக்கமாக இருக்கும். இந்தப் பன்னிரண்டையும் அங்கே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. யாராவது அவசரமாக வந்து கதவைத் திறந்து கை பட்டால்? பெட்டி சரிந்தால்? கீழ்த்தட்டில், ஒருவருக்கும் எட்டாத மூலையில், பின்சுவரோடு சேர்த்துத் தள்ளி வைத்தார். முன்னால் நான்கு பெரிய பாட்டில்களைக் காவலுக்கு நிறுத்தினார்.

தினமும் முப்பது தடவை திறந்து மூடுகிற கதவு அது. அதனால்தான் பின்சுவரில் ஒருபோதும் பனி கட்டியதில்லை. அந்த வாரம் ஒருவரும் திறக்கவில்லை.

நான் போனேன். திருவோணத்துக்கு மறுநாள் ஸ்கேனருக்கு ஹீலியம் அளவு பார்க்க வந்தவன், எட்டிப் பார்த்தேன். கதவின் மேல் இருக்கும் எண் நான்கு டிகிரி காட்டியது. நல்ல எண். அந்த எண் கதவுப் பக்கத்துக் குளிரைத்தான் சொல்கிறது, பின்சுவரைச் சொல்லவில்லை என்பது இயந்திரம் படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். உள்ளே இருப்பதைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று திறக்காமல் விட்டேன். 'நாலு. நிம்மதியாத் தூங்குது' என்று சேச்சிக்குச் செய்தி போட்டேன். அவர் பதிலுக்கு அடைப்பிரதமன் பாயசத்தின் படம் அனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் சேச்சி வெள்ளித் தாளைப் பிரித்தபோது அது மொறுமொறுவென்று சத்தம் போட்டது. உள்ளே குப்பிகள் கல்லாகக் கிடந்தன. மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு உருகும் வரை நின்றுகொண்டே இருந்தார். உருகிய பிறகு மேலே தெளிந்த பழுப்பு, அடியில் காப்பிச் சக்கை போல ஒரு படிவு. முதல் குப்பியில் காந்தத்தை வைத்தார். பத்து எண்ணுவதற்குள் கண்ணாடியின் உள்பக்கம் மீசை வரைந்தது போல ஒட்டிக்கொண்டது. மீதிப் பதினொன்றுக்கும் அறுபது அறுபதாக எண்ணினார். ஒன்றுகூடத் தேறவில்லை.

திட்டத்தின் தலைவர் டாக்டர் ஈப்பன் நல்ல மனிதர். ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிகட்டிப் பாக்கலாமே விலாசினி? மேல இருக்கிறது தெளிவாத்தானே இருக்கு?"

"தெளிவு நம்ம கண்ணுக்கு சார். இந்தக் கட்டி ரத்தத்துல போனா நுரையீரல்ல போய் அடைச்சுக்கும். அடைக்கலைன்னாலும் பொய்தான் சொல்லும். இது முன்னாலயே ஒட்டிக்கிட்டது. புற்று இல்லாத இடத்துலயும் கறுப்பு காட்டும்."

"புதுசா செஞ்சு, கிருமிச் சோதனை முடிச்சு, கமிட்டி கையெழுத்து வாங்க ஆறு மாசம் ஆகும். உங்க வீட்டுக்காரர் பேரும் லிஸ்ட்ல இருக்கு."

"தெரியும் சார். அந்த ஆளு உடம்புல ஏத்தப் போற ஊசியும் இதுதான்."

பதிவேட்டை இழுத்து அவரே எழுதினார். பன்னிரண்டு குப்பி, உறைந்து கெட்டது. காரணம், பின்சுவரோடு வைத்தது. வைத்தவர் விலாசினி. பெயரை எழுத வேண்டாம் என்று ஈப்பன் சொல்லிப் பார்த்தார். "பின்ன யாரு பேரை எழுதறது? ஃப்ரிட்ஜ் பேரையா?" என்று கேட்டுவிட்டு, பன்னிரண்டையும் கழிவுக் கலத்தில் ஊற்றி, குப்பிகளைக் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு மாலையே கணவரிடம் சொல்லியிருக்கிறார். திவாகரன், "விடு. என் சர்வீஸ்ல எத்தனை வண்டி நடுவழியில நின்னிருக்கு. அடுத்த பஸ் வரும்" என்றாராம். இதை எனக்குச் சொல்லிவிட்டுச் சேச்சி, கழுவி வைத்த குப்பியையே மறுபடி எடுத்துக் கழுவினார். "திட்டியிருக்கலாம் அண்ணாச்சி. நாலு வார்த்தை நல்லாக் கேட்டிருக்கலாம். ஜோக்கடிச்சாரு."

அந்தக் கட்டி ஆறு மாதம் காத்திருக்கிற ஜாதி இல்லை. அக்டோபரில் தேதி கொடுத்தார்கள். ஆறு மணி நேர அறுவை என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள். சேச்சி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். நாற்பது நிமிடத்தில் ஒலிபெருக்கியில் திவாகரன் வீட்டார் என்று கூப்பிட்டார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று நான் மடையன் போலச் சந்தோஷப்பட்டு எழுந்தேன். சேச்சி எழுந்திருக்கவில்லை.

"திறந்து பாத்துட்டு மூடிட்டாங்க" என்றார், யாரும் சொல்வதற்கு முன்னால்.

அப்படித்தான் நடந்திருந்தது. வயிற்றுக்குள் கடுகை இறைத்தது போல எங்கும் பரவியிருந்தது. எந்த ஸ்கேனிலும் தெரியாத கடுகு. விலா எலும்பிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை வெட்டியதைத் தைத்து அனுப்பினார்கள். அந்தத் தையல் ஆறவே இல்லை. சீழ் வைத்தது, பிரித்தார்கள், மறுபடி வைத்தது. வலுவோடு நடமாடியிருக்க வேண்டிய கடைசி இரண்டு மாதமும் அந்த ஒரு காயத்துக்கே போயிற்று. பொன்முடி மலைக்கு, தான் முதன்முதலில் டிக்கெட் கிழித்த அதே தடத்தில், பயணியாக முன்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. நெடுமங்காட்டில் வீட்டு வாசல் வழியாகத்தான் அந்த பஸ் போகும். படுத்துக்கொண்டு சத்தத்தை வைத்தே வண்டி எண்ணைச் சொல்வார். ஜனவரி இரண்டாம் வாரம் போய்ச் சேர்ந்தார்.

பதினாறு நாள் சடங்கு முடிந்த மறுநாள் சேச்சி வேலைக்கு வந்துவிட்டார். புதுக் குப்பிகளின் கடைசிச் சோதனைகள் மிச்சமிருந்தன. இப்போது கேன்டீன் சாம்பாரை அவர் கலக்குவதில்லை. எதை வைத்தாலும் சாப்பிட்டு எழுந்துபோகிறார். தினமும் மாலை நான்கு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, பின்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு மூடுகிறார். துகள்களோடு பேச்சு நின்றுபோயிற்று.

ஒருநாள் மனசு கேட்காமல் நான் வாயை விட்டேன். "சேச்சி, எலியில காட்டினது மனுஷன்லயும் அப்படியே காட்டும்னு யார் கண்டா? சேட்டனுக்குப் போட்டிருந்தாலும் ஒண்ணும் தெரியாமலே போயிருக்கலாம். சும்மா உங்களையே போட்டு வதைச்சுக்காதீங்க."

சேச்சி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "காட்டியிருக்கும்னா, அவரை வீணா வெட்ட வச்சது நான்தான். காட்டியிருக்காதுன்னா, பத்தொன்பது வருஷமா இங்க நான் என்னத்தச் செஞ்சேன்? ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க, அண்ணாச்சி. அதையே நெனச்சுக்கறேன்."

அந்த 'நாலு' என்ற செய்தியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் தேவலை என்று இருக்கிறது. நானாக எடுத்துச் சொல்ல இரண்டு முறை போய், காந்தத்தைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மார்ச்சில் ஊசி போட ஆரம்பித்தார்கள். முதல் இருவரின் படத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை, கட்டி ஒன்றே ஒன்று. இருவருக்கும் அறுவை நடந்தது. மூன்றாவது, அஞ்சுதெங்கு கடற்கரையிலிருந்து வந்த கிளீட்டஸ் என்ற மீனவர். சேச்சி குப்பியைச் செவிலியிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், முதல் முறையாக ஸ்கேன் அறையில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். படம் வரிவரியாக இறங்கியது. கட்டிக்கு வெளியே ஒரு கரும்புள்ளி. பிறகு இன்னொன்று. டாக்டர் ஈப்பன் திரையில் விரல் வைத்து எண்ணினார். பதினொன்று.

மறுநாள், எங்கே குத்த வேண்டும் என்று படம் காட்டிய இடத்தில் ஊசி விட்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான். அதற்கு மறுநாள் அறுவையை ரத்து செய்தார்கள். எங்கள் அறையில் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். யாரோ லட்டு வாங்கி வரச் சொன்னார்கள். பத்தொன்பது வருடம், பின்னே? நானும் இரண்டு பேருக்குக் கை கொடுத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். திரும்பிச் சேச்சியைத் தேடினேன். ஆள் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் இருந்தார். கிளீட்டஸ் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் மனைவி ஜசிந்தா, வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சேச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்த நாள் முதல் சிரிக்காத ஜசிந்தாவின் முகம் அன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, கத்தியே வேண்டாம்னுட்டாங்க! மாத்திரை எழுதிக் குடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. பதினஞ்சு நாள் கிடக்கணும்னு சட்டி பானையெல்லாம் கட்டிக்கிட்டு வந்தேன். வெட்டாமலே சரியாயிடும்னுதானே அர்த்தம்? நீங்க சொல்லுங்க. அந்த டாக்டரு வேகமாச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

சேச்சி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு குனிந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து அவர்களுடைய பிளாஸ்டிக் பக்கெட்டை இழுத்து, பாயைச் சுருட்டி அதற்குள் செருகி, ஃப்ளாஸ்க்கைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி அவர்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.